கறுப்புக் கண்ணாடி கேட்டு வந்தவர்கள்

சார்ஜென்ட் கூட்டி வந்த கார்

வெள்ளைச் சீருடையில் ஒரு டிராஃபிக் சார்ஜென்ட் மோட்டார் சைக்கிளில் முன்னால் வர, ஜன்னல் எல்லாம் கறுத்த ஒரு சின்ன கார் அவருக்குப் பின்னால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தது. ஏப்ரல் மாத உச்சி வெயில். வழக்கமாக இப்படி ஒரு காரைப் பிடித்தால் சாலையிலேயே கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமைக் கிழிக்கச் சொல்வார்கள். கடை வரைக்கும் ஒரு சார்ஜென்ட் கூடவே வந்து நான் பார்த்ததில்லை.

கல்கத்தாவில் கரியாஹாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் கண்ணாடிக் கடையில் சர்வீஸ் அட்வைசராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். அப்பா துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது டாக்குரியாவில். என் பெயர் லலிதா. வங்காளிகள் வாயில் அது லோலிதா ஆகிவிடும். கடையில் எல்லோருக்கும் நான் லோலிதா தீதி, அதாவது லலிதா அக்கா. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் நான் அந்தக் காரைப் பற்றித்தான் சொல்வேன்.

சார்ஜென்ட் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வங்காளத்தில் சொன்னார். “தீதி, இந்த ஃபிலிம் எல்லாத்தையும் எடுத்துடணும். சிக்னல்லயே எடுக்கச் சொல்லியிருப்பேன். உள்ள இருக்கிற அம்மாவுக்கு வெயிலே ஆகாதாம். அதான் ஷெட்டுக்குள்ள வெச்சு எடுக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன். எடுத்து முடிச்சதும் போட்டோ புடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்.”

ஓட்டி வந்தவர் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சார்ஜென்டிடம் ஆங்கிலத்தில், டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கிறது, இது ஸ்டைலுக்காக ஒட்டியதல்ல என்று மறுபடி மறுபடி சொன்னார். சார்ஜென்ட் தலையாட்டினார், ஆனால் விதியில் அதற்கு இடமில்லை என்றார். ஓட்டி வந்தவர் திரும்பி, காரின் மூடிய கதவருகே குனிந்து, “நீ இறங்காத மதி, ஷட்டர இறக்கச் சொல்றேன்” என்று தமிழில் சொன்னார்.

நான் பக்கத்தில் போனேன். “தமிழா? எந்த ஊரு?”

அவர் முகம் சற்று தளர்ந்தது. “திருமங்கலம் மேடம், மதுரை பக்கம். சென்ட்ரல் கவர்மென்ட் வேலை. மாத்தல்ல வந்து நாலு வருஷம் ஆச்சு. பேரு சுரேஷ்.”

எங்கள் ஃபிட்டர் ரஃபிக் பாயிடம் சொல்லி ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கினோம். அதன் பிறகுதான் அவர் மனைவி வளர்மதி இறங்கினாள். அந்த வெயிலிலும் முழுக்கை, கையுறை, கழுத்தைச் சுற்றித் துப்பட்டா, விளிம்பு அகலமான தொப்பி. தொப்பியைக் கழற்றியதும் இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிவந்த தடிப்புகள் தெரிந்தன. இடது கன்னத்தில் கூடுதலாக இருந்தது. ஷெட்டின் உள்கோடியில் இருந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

“லூபஸ் மேடம்,” என்றாள். “வெயில் பட்டா இப்படித் தடிச்சுக்கும். அப்புறம் மூட்டு வலி, காய்ச்சல்னு ஒவ்வொண்ணா வரும். பயப்படாதீங்க, ஒட்டிக்கிற நோய் இல்ல.”

யாரும் கேட்காமலேயே அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

விதி

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் எழுபது சதவீதமாவது உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் ஐம்பது சதவீதமாவது விட வேண்டும். கார் கம்பெனியே அந்த அளவுக்குள் லேசாக நிறம் சேர்த்துக் கண்ணாடி செய்தால் தவறில்லை. ஆனால் கண்ணாடியின் மேல் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்று அரசு உச்சப் பாதுகாப்பு கொடுத்திருப்பவர்களுக்குத்தான் விலக்கு. உடல்நிலையைக் காரணம் காட்டிச் சிலர் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

பிற்பாடு விதியில் ‘சேஃப்டி கிளேஸிங்’ என்று, உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய கண்ணாடியையும் குறிக்கும் ஒரு சொல் சேர்ந்தது. அதை வைத்து, அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று வேறொரு மாநிலத்து உயர் நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து வாடிக்கையாளர்கள் போனில் செய்தியைக் காட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சிக்னலில் நிற்கும் சார்ஜென்ட் அதை ஏற்றுக்கொள்வாரா என்பதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் எங்கள் முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஃபிலிம் எடுப்போம், ஒட்ட மாட்டோம்.

இந்த விதி எதற்காக என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்வேன். ஓட்டுகிறவருக்கு வெளியே தெரிய வேண்டும். காருக்குள் யாருக்காவது ஏதாவது நடந்தால் வெளியே இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

சுரேஷ் எங்களிடம் கேட்டிருந்தால் மறுத்திருப்போம். அவர் எங்கேயோ ஒரு சந்தில், இருப்பதிலேயே கறுப்பானதாகப் பார்த்து ஒட்டியிருந்தார்.

சார்ஜென்டின் சட்டைக் கை

ரஃபிக் பாய் அப்போது இன்னொரு காரில் சிப் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். முன் கண்ணாடியில் சிறு கல் பட்டுச் சில்லு விழுந்தால் அதற்குள் ரெசின் விட்டு, யூவி, அதாவது புற ஊதா லேம்பைக் காட்டி இறுக வைப்போம். அந்த வேலையைப் பாதியில் விட முடியாது. அதனால் சில்லின் மேல் லேம்பைப் பொருத்திவிட்டு, சுரேஷின் காருக்கு வந்து, ஹீட் கன் காட்டி வலது பக்க ஜன்னல்களில் ஃபிலிமை உரிக்கத் தொடங்கினார். நல்ல ஃபிலிம் ஒரே துண்டாக வரும். இது கிழிந்து கிழிந்து வந்தது. பசை கண்ணாடியிலேயே தங்கியது. சோப்புத் தண்ணீர் தெளித்து பிளேடால் வழித்தார்.

சார்ஜென்ட் நேரம் போகாமல் சிப் ரிப்பேர் காரின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அரையிருட்டில் அவருடைய வெள்ளைச் சட்டைக் கை பளீரென்று நீலமாக மின்னியது.

வளர்மதி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மேடம், அது என்ன லைட்டு?”

சொன்னேன்.

“எனக்கு ஆகாததும் அதேதான். வெயில்ல இருக்கிற யூவி.”

நான் பதறிப் போய் ரஃபிக் பாயிடம் சொன்னேன். அவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப் போய் லேம்பை அணைத்து, அதன் மேல் ஒரு துணியையும் போட்டார். “மாஃப் கீஜியே பேட்டி, தெரியாதும்மா” என்று இந்தியிலும் தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ் வார்த்தையிலும் மகளிடம் சொல்வதுபோல் மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள்.

“இவ்வளவு தூரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அணைக்க வேண்டாம், எனக்கு அது வேணும்,” என்றாள் இந்தியில். பிறகு என்னிடம் தமிழில் கேட்டாள். “மேடம், ஒரு சின்ன பரிசோதனை செஞ்சு பார்க்கலாமா? நான் ஃபிசிக்ஸ் டீச்சர். வெள்ளைத் துணி துவைக்கிற பவுடர்ல ஒரு சாயம் இருக்கும். யூவி பட்டா நீலமா மின்னும். யூவி இல்லைன்னா மின்னாது. அந்த சார்ஜென்ட் சார் கொஞ்சம் கை கொடுப்பாரான்னு கேளுங்க.”

நான் வங்காளத்தில் சொன்னேன். சார்ஜென்ட் தன் சட்டைக் கையை ஒரு முறை பார்த்தார். “எனக்கு ஒண்ணும் ஆகாதே, தீதி?”

“ஒரு நிமிஷந்தான்.”

அவரைச் சுரேஷின் காருக்குள் உட்கார வைத்தோம். ஆறடி ஆள், சின்ன கார். முழங்காலை மடக்கி, கையை ஜன்னலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காத்திருந்தார். வளர்மதி பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் அங்கிருந்தபடியே சொல்லச் சொல்ல, ரஃபிக் பாய் வெளியிலிருந்து லேம்பைக் காட்டினார்.

முதலில் ஃபிலிம் உரித்த பக்கக் கண்ணாடி. சட்டைக் கை நன்றாக மின்னியது.

அடுத்தது, ஃபிலிம் ஒட்டாத முன் கண்ணாடி. லேம்பின் மங்கலான ஊதா மட்டும் தெரிந்தது. துணி மின்னவில்லை. ரஃபிக் பாய் லேம்பை நெருக்கிப் பிடித்தும் மின்னவில்லை.

“முன்னாடி கண்ணாடி ரெண்டு அடுக்கு இல்லையா, நடுவுல பிளாஸ்டிக்?” என்று கேட்டாள்.

“ஆமா, லேமினேட்டட்.”

“அந்த பிளாஸ்டிக்தான் நிறுத்துது. சரி, இப்ப இன்னும் உரிக்காத பக்கம்.”

சார்ஜென்ட் சீட்டில் நகர்ந்து இடது பக்கம் போனார். கறுப்பு ஃபிலிம் அங்கே அப்படியே இருந்தது. லேம்பைக் காட்டினோம். அவர் முகமே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கறுப்புக்குப் பின்னால் சட்டைக் கை மின்னியது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

வளர்மதி கையுறையோடு தன் இடது கன்னத்தைத் தொட்டாள்.

“நான் எப்பவும் முன்னாடி இடது பக்கந்தான் உட்காருவேன்,” என்றாள். “இந்த கன்னத்துலதான் எப்பவும் அதிகமா வருது. ஃபிலிம் ஒட்டின பிறகும் ஏன் குறையலன்னு டாக்டரும் யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. இது நம்ம கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தத்தான் நிறுத்தியிருக்கு. எனக்கு ஆகாதது அது பாட்டுக்கு உள்ள வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு.”

சுரேஷ் கார் மேல் கை வைத்து நின்றார். “ரெண்டு மாசமா,” என்றார்.

மற்ற ஜன்னல்களிலும் ஃபிலிமை உரித்து முடித்தோம். பின் கண்ணாடியில் பனிப்புகையைப் போக்கும் டிஃபாகர் கம்பிகள் அறுந்துவிடாமல் உரிக்க வேண்டும் என்பதால் அதற்குத்தான் நேரம் பிடித்தது. சார்ஜென்ட் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்ட அபராதத்தை மாற்ற முடியாது என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். கிளம்பும்போது வளர்மதியிடம் திரும்பி இந்தியில் கேட்டார். “எந்த ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கறீங்க மேடம்? என் பொண்ணு லெவன்த். ஃபிசிக்ஸ்னா அழுவுறா.”

அவள் பாலிகஞ்சில் இருக்கும் தன் பள்ளியின் பெயரைச் சொன்னாள். பிறகு, “ஆனா கோடை லீவோட நின்னுடுவேன். வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் போயிட்டு வர்றதுக்கே உடம்பு தாங்கல,” என்றாள்.

சார்ஜென்ட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “நிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேல் மாடல் கண்ணாடி

ஷெட்டுக்குள் வெயில் தாழும் வரை அவர்களை இருக்கச் சொன்னேன். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. பேச்சு தானாகவே கண்ணாடிக்கு வந்தது.

“யூவிய நிறுத்துற தெளிவான ஃபிலிம் இருக்கே மேடம், அத ஒட்ட முடியாதா?” என்று சுரேஷ் கேட்டார்.

“இருக்கு. ஆனா ஃபிலிம் ஃபிலிம்தான். ஒவ்வொரு சிக்னல்லயும் நீங்க விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும். நடு ரோட்டுல இவங்கள வெச்சுக்கிட்டு வாதம் பண்ண முடியுமா?”

அவருடைய கார் அந்த மாடலில் ஆரம்ப விலை வேரியன்ட். காரைச் சுற்றி வந்து பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். அதில் யூவி பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அதே மாடலின் டாப் வேரியன்டில் கதவுக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் யூவியை நிறுத்தும் ‘யூவி கட்’ என்று வருவது எனக்குத் தெரியும். அந்த வருடமே அப்படி இரண்டு கார் எங்களிடம் வந்து போயிருந்தன. கதவு ஒன்றுதான், அளவு ஒன்றுதான். அதைக் கழற்றி இதில் மாட்டினால் அச்சாகப் பொருந்தும். கம்பெனியே செய்த கண்ணாடி, முத்திரையோடு வரும், பார்வைக்கும் தெளிவாக இருக்கும். எந்த சார்ஜென்டும் நிறுத்த மாட்டார்.

சொன்னேன். சுரேஷ் உடனே சரி என்றார். வளர்மதி மட்டும், “வந்ததும் லேம்ப் காட்டிப் பார்த்துட்டு மாட்டலாம். டாக்டர்கிட்டயும் கேட்டுடறேன்,” என்றாள். அது நியாயமான பேச்சு.

நாலு கதவுக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்து ஆர்டர் போட்டேன். டீலர் இழுத்தடித்தார். முதல் தடவை வேறு மாடல் கண்ணாடி வந்து திருப்பி அனுப்பினோம். அதுவரை வளர்மதி பின் சீட்டின் நடுவில், இரண்டு பக்கமும் குடையை விரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தாள். இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த நாட்களில் எப்போதோ ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்துவிட்டது.

சரியான கண்ணாடி வந்த அன்று, பெட்டியிலிருந்து எடுத்ததும் ரஃபிக் பாய் தன் பனியனையே பின்னால் பிடித்து லேம்பைக் காட்டினார். துணி லேசாகத்தான் மின்னியது, ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ‘டாக்டர் ஓகே சொல்லிட்டாங்க. க்ரீமும் முழுக்கையும் விடக் கூடாதாம். மாட்டிடுங்க அக்கா’ என்று பதில் வந்தது.

மறுநாள் மாலை காரை எடுக்க வந்தார்கள். வளர்மதி உள்ளே ரஃபிக் பாயிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். சுரேஷ் புதுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, இதுல கம்பெனிலேயே கொஞ்சம் டார்க்கா வராதா? ஐம்பது சதவீதம் வரைக்கும் விடுவாங்கன்னு சொன்னீங்களே.”

“எதுக்குங்க? இதுவே போதும்னு டாக்டரே சொல்லிட்டாங்களே.”

அவர் குனிந்து ஷூ லேசைப் பார்த்தார்.

“வெயிலுக்காக மட்டும் நான் அத ஒட்டலக்கா. சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து பஸ்லேர்ந்து பார்ப்பாங்க. ஆட்டோலேர்ந்து பார்ப்பாங்க. அவ மூஞ்சியவே பார்ப்பாங்க. அவ தலைய குனிஞ்சுக்குவா. கல்யாணம் ஆன புதுசுல, ஜன்னல தொறந்து வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் வேடிக்கை பார்த்துட்டு வருவா. இப்ப குனிஞ்சுக்குறா. அத என்னால பார்க்க முடியல. அதான் இருக்கறதுலயே கறுப்பா ஒட்டச் சொன்னேன்.”

முப்பது வருடம் கண்ணாடி விற்றவள் நான். இதற்கு எந்த வேரியன்டிலும் கண்ணாடி இல்லை.

வளர்மதி எப்போது வந்து நின்றாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

“நான் அவங்க பாக்கறாங்கன்னு குனியல,” என்றாள்.

சுரேஷ் திரும்பினார்.

“யாராவது என்னைப் பார்த்தா நீங்க அவங்களப் பார்க்கறீங்க. ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்குறீங்க. உங்க மூஞ்சி எப்படி ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. அத என்னால பார்க்க முடியல. அதான் குனிஞ்சுக்குறேன்.”

அவள் தொடர்ந்தாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

“கிளாஸ்ல நாப்பது பொண்ணுங்க தினமும் என் மூஞ்சியத்தானே பார்க்குறாங்க. முதல் வாரம் பார்த்தாங்க. அப்புறம் போர்டைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் கறுப்பு டப்பாக்குள்ள ரெண்டு மாசம் எனக்கு மூச்சே முட்டுச்சு. நீங்க ஆசையா ஒட்டினீங்களேன்னுதான் சொல்லாம இருந்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல மதி.”

“நீங்களும் கேட்டிருக்கலாம்.”

நான் சாவியை எடுத்து வருகிறேன் என்று உள்ளே நகர்ந்துவிட்டேன். சாவி என் கையில்தான் இருந்தது. ரஃபிக் பாய் அதைப் பார்த்துவிட்டு ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது சுரேஷ் அவளுக்காக முன் பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். கார் வாசலுக்குப் போய் நெரிசலில் நின்றது. பக்கத்தில் ஒரு ஆட்டோவில் மூன்று பெண்கள், கடைப் பைகளோடு. அதில் ஒருத்தி திரும்பி வளர்மதியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். சுரேஷ் நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது அவருக்குச் சுலபமாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. வளர்மதி தலையைக் குனியவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புடவையைச் சுட்டிக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று கையால் சொன்னாள். அந்தப் பெண் புடவையைத் தூக்கிக் காட்டினாள். நெரிசல் விலகி வண்டிகள் நகர்ந்தன.

வளர்மதி பள்ளியிலிருந்து நிற்கவில்லை. நோயும் அவளை விட்டுப் போகவில்லை. நடுவில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். ஆனால் கன்னத்துத் தடிப்பு குறைந்தது. இப்போதும் அந்தப் பள்ளியில்தான் பாடம் நடத்துகிறாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். எழுபது, ஐம்பது, ஃபிலிம் கிடையாது. அதில் தடுமாறக் கூடாது. அதோடு இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி கேட்டு ஒருவர் வந்தால் நான் முன்பெல்லாம், “முடியாது, சட்டம் விடாது” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த ஏப்ரலுக்குப் பிறகு, “யாருக்காகக் கேக்கறீங்க?” என்று கேட்க ஆரம்பித்தேன். கைக்குழந்தை தூங்காமல் அழுகிறது என்றார் ஒருவர். கண் ஆபரேஷன் ஆன அப்பாவுக்குக் கூசுகிறது என்றார் இன்னொருவர். தனியாக ஓட்டிப் போகிறேன், பயமாக இருக்கிறது என்றாள் ஒரு பெண். அவர்களில் ஒருவருக்கும் நான் ஃபிலிம் ஒட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து பேசினால் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு வழி கிடைத்தது. மீதிப் பேரும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்கள்.